திகார் கைதியின் இடர் மதிப்பீடு: வருகைப் பதிவு போதுமா?

தீவிரவாத எண்ணத்திலிருந்து மீட்கும் பயிற்சியின் பன்னிரண்டு அமர்வுகளுக்கும் தவறாமல் வந்தார் என்பதை மட்டும் வைத்து, டெல்லி திகார் சிறையில் நீங்கள் சந்திக்கும் அந்தக் கைதியைக் ‘குறைந்த இடர்’ என்று எழுத முடியாது. வருகைப் பதிவேடு ஒழுங்கைக் காட்டுமே தவிர மனமாற்றத்தைக் காட்டாது. அப்படி எழுதலாமா என்ற உங்கள் குழப்பம் இங்கிருந்துதான் வருகிறது என நினைக்கிறேன். 2019 நவம்பரில் லண்டன் பாலத்தருகே இருவரைக் கொன்ற, முன்பே பயங்கரவாத வழக்கில் தண்டனை பெற்றிருந்த உஸ்மான் கானும் சிறையில் மறுவாழ்வுப் பயிற்சியில் பங்கேற்றவர்தான். அன்று அவர் வந்திருந்ததே கைதிகளின் கல்வி குறித்த கூட்டத்துக்கு.

தீவிரவாதக் குற்றவாளிகளின் இடரை மதிப்பிடும் இங்கிலாந்தின் ‘ஈஆர்ஜி 22+’ முறையில் உள்ள ஈடுபாடு (தீவிரவாதக் குழு அல்லது கொள்கையுடன்), நோக்கம் (தீங்கு செய்ய), திறன் (அதைச் செய்து முடிக்க) ஆகிய மூன்று தலைப்புகளிலும், உங்கள் கைதியே சொன்னது எது, பிறர் கண்டது எது என்று பிரித்து எழுதிப் பாருங்கள். நோக்கத்தின் கீழ் அவருடைய வாய்மொழி மட்டுமே நின்றால், மேலதிகாரி முகம் சுளித்தாலும் ‘போதிய சான்றில்லை’ என்றே குறியுங்கள்.

இந்த முறை நிகழ்தகவைக் கணக்கிட்டுத் தரும் கருவியன்று, நம் சிறைகளுக்காக உருவானதும் அன்று; ஆகவே மதிப்பெண் போட்டுக் கூட்டிவிடாதீர்கள்.