அமெரிக்காவில் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டில், முதல் சுற்று ஓட்டெடுப்பில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால் என்ன செய்வார்கள்?

மறுபடியும் ஓட்டெடுப்புதான், ஒருவர் தேறும்வரை. 1924-இல் நியூயார்க்கில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாடு இதில் உச்சம். அப்போது அவர்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். முன்னணிப் போட்டியாளர்களான மெக்காடூவும் ஆல் ஸ்மித்தும் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் முதலில் அழைக்கப்படுவது அலபாமா. அதன் ஆளுநர் எழுந்து, தங்கள் மாநிலப் போட்டியாளர் அண்டர்வுட்டுக்கு 24 ஓட்டு என்று முழங்குவார். வானொலியில் கேட்டவர்களுக்கே அது மனப்பாடம் ஆகிவிட்டது! இரண்டு வாரம் இழுத்தடித்து, 103-ஆவது சுற்றில் ஜான் டேவிஸ் என்பவரைப் பிடித்து நிறுத்தினார்கள். பாவம், நவம்பரில் அவரும் குடியரசுக் கட்சியின் அதிபர் கூலிட்ஜிடம் தோற்றார். அந்த மூன்றில் இரண்டு விதியை 1936-இல் எடுத்துவிட்டார்கள். 1952-க்கு அப்புறம் இரு பெரிய கட்சிகளுக்கும் இரண்டாவது சுற்றே தேவைப்படவில்லை. மாநாட்டுக்கு முன்பே மாநிலங்களில் நடக்கும் பிரைமரித் தேர்தல்களிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது.