போயிங் போன்ற விமானத் தயாரிப்பு நிறுவனத்தின் ஆராய்ச்சித் தாக்கத்தை மேற்கோள் எண்ணிக்கையால், அதாவது அதன் கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை குறிப்பிடுகிறார்கள் என்பதை வைத்து, அளக்கலாமா?

அளக்கலாம். ஆனால் கிடைக்கும் எண்ணை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

முதல் தலைவலி பெயர்தான். 1997-இல் மெக்டொனல் டக்ளஸ் என்ற இன்னொரு விமானத் தயாரிப்பு நிறுவனம் போயிங்கோடு இணைந்தது. அதற்கு முந்தைய மெக்டொனல் கட்டுரைகளை யார் கணக்கில் எழுதுவது? இதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அப்புறம், போயிங்கில் இருந்த ஸ்பலார்ட், ஆல்மாரஸ் என்ற இரு ஆய்வாளர்களைப் பாருங்கள். காற்றின் கொந்தளிப்பை ஒரே சமன்பாட்டில் கணக்கிடும் மாதிரி ஒன்றை 1992-இல் ஒரு மாநாட்டில் வெளியிட்டார்கள். 1994-இல் அதுவே ஒரு பிரெஞ்சு ஆய்விதழிலும் வந்தது. சிலர் முன்னதை, சிலர் பின்னதைக் குறிப்பிடுவதால் மேற்கோள்கள் இரண்டாகப் பிரிகின்றன. இரண்டையும் கூட்டினாலும் கணக்கு முடியாது. ஃப்ளூயன்ட், ஓப்பன்ஃபோம் போன்ற, காற்றோட்டத்தைக் கணக்கிடும் மென்பொருள்களில் அந்த மாதிரி உள்ளேயே இருக்கிறது. பொறியாளர் அதைத் தேர்ந்தெடுத்து இறக்கையை வடிவமைத்துவிட்டுப் போய்விடுவார். மேற்கோள் எங்கும் பதிவாகாது. என்னைக் கேட்டால், உண்மையான தாக்கம் அங்கேதான் இருக்கிறது. இன்னொன்று, இப்படி ஒரு கட்டுரை இருந்தாலே மொத்த சராசரியும் ஏறிவிடும். அதனால் இடைநிலை மதிப்பையும், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணையும், பாருங்கள்.

கட்டுரையாக வராததைக் காப்புரிமைகளில் தேடலாம். 2001 முதல் அமெரிக்கக் காப்புரிமைகளில், காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் சேர்த்த மேற்கோளுக்கு நட்சத்திரக் குறி போடுகிறார்கள். அவற்றையும், நிறுவனம் தன்னையே காட்டும் மேற்கோள்களையும் கழித்துவிட்டு எண்ணுங்கள்.

ரகசிய ராணுவ ஆராய்ச்சி கட்டுரை, காப்புரிமை இரண்டிலும் சிக்காது.