கடற்கரைப் பிளாஸ்டிக்கில் ஓர் ஆமை

கேள்வி: வெள்ளவத்தைக் கரையில் ஒதுங்கும் பிளாஸ்டிக்கைப் பொறுக்கி, ஆளுயர ஆமை ஒன்று செய்ய ஆசைப்படுகிறேன். பசை வைத்து ஒட்டிய மூடிகள் அடுத்த நாளே கழன்று விழுகின்றன. பழைய சட்டியில் போட்டு உருக்கலாமா? "வீட்டுக்குள்ள குப்பையைக் கொண்டு வராத" என்று அம்மா வேறு ஏசுகிறார்.
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, உருக்குவது வேண்டவே வேண்டாம். கரையில் கிடப்பதில் எது என்ன பிளாஸ்டிக் என்று பார்த்துச் சொல்ல முடியாது. பிவிசி துண்டு ஒன்று கலந்து சூடானாலே ஹைட்ரஜன் குளோரைட் வாயு வரும்; சமையலறையில் அதை யாரும் சுவாசிக்கக் கூடாது. 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்தபோது பிளாஸ்டிக் சாமான் செய்ய மூலப்பொருளாகும் சின்னஞ்சிறு மணிகள் சுமார் 1,680 தொன் நம் கடலில் கொட்டின. கருகிக் கட்டியான மணிகள் அகப்பட்டால் வெறுங்கையால் தொடாதீர்கள், ஆமைக்குள்ளும் வைக்காதீர்கள். ஊசி, மருந்துப் போத்தல் கண்டாலும் அப்படித்தான்.

பசை கழன்றது உங்கள் கைப்பிழை இல்லை. மூடிகள் பெரும்பாலும் பொலிஎத்திலீன் அல்லது பொலிப்ரொபிலீன். இரண்டிலும் பசை இலேசில் பிடிக்காது. கட்டத்தான் வேண்டும். ஹார்ட்வெயார் கடையில் கோழிக்கூட்டு வலை வாங்கி ஆமை வடிவத்தில் வளையுங்கள். மூடிகளில் கை ட்ரில்லால் துளை போட்டு, மெல்லிய கட்டுக்கம்பியால் ஒவ்வொன்றாகக் கட்டுங்கள். காய்ச்சிய ஆணியால் துளை போட வேண்டாம், அதுவும் உருக்குவதுதான். மடித்தால் நொறுங்கும் துண்டுகளை ஒதுக்கி விடுங்கள். வெயிலில் இற்றுப்போனவை அவை, கட்டும்போதே பொடியாகி விடும்.

இனி நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று: பெயின்ட் அடிக்காதீர்கள். ஒரு மூடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெயில் பட்ட பக்கம் வெளிறியிருக்கும், உட்பக்கம் இன்னும் சிவப்பாக இருக்கும். போத்தல் துண்டின் ஓரத்தில் மீன் கடித்த தழும்பு இருக்கலாம். கொட்டலசு (கல்லிலும் படகிலும் ஒட்டி வளரும் ஓடுள்ள சின்னக் கடலுயிர்) ஒட்டியிருந்த வெள்ளை வளையமும் தெரியும். எத்தனை பெயின்ட் அடித்தாலும் இது வராது. வெளிறியவற்றை வயிற்றுக்கும், நிறம் மிஞ்சியவற்றை முதுகோட்டுக்கும் பிரித்து வையுங்கள். யோகட் கப்பையும் ஷாம்பு போத்தலையும் ஒளித்து வைக்க வேண்டாம். களனி கங்கையும் வெள்ளவத்தைக் கால்வாயும் கடலுக்குக் கொண்டு போனது நம் வீட்டுச் சாமான்களைத்தான். பார்க்கிறவர் தன் வீட்டுப் போத்தலை அந்த முதுகில் அடையாளம் காண வேண்டும்.

அம்மா சொல்வதிலும் நியாயம் உண்டு. கொட்டலசும் பாசியும் அழுகினால் நாற்றம் தாங்காது. வெளியிலேயே சுரண்டி, ஒரு இரவு சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்த பிறகு உள்ளே கொண்டு போங்கள். கழுவிய தண்ணீரைத் துணியில் வடித்துத்தான் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் தூள் எல்லாம் மறுபடி கடலுக்கே போய்ச் சேரும்.

முடிந்ததும் நாலு பேர் பார்க்கட்டும். ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் 1993இல் தொடங்கிய கலா பொல தெருச் சந்தையில் புதிய கலைஞர்களுக்கும் இடம் உண்டு, விசாரித்துப் பாருங்கள். மற்ற நாட்களில் ஆமையை நிழலிலேயே வையுங்கள். எப்போதாவது கலைக்க வேண்டி வந்தால் கம்பியை வெட்டினாலே போதும், மூடிகள் தனியாக வந்துவிடும். அவற்றை மீள்சுழற்சிக்குக் கொடுத்து விடலாம்.