போஸ்ட்கிரெஸ் டேபிள் 60 எம்பி, டிஸ்க்கில் 3 ஜிபி: மீதி எங்கே?

வணக்கம். தமிழ்க் கட்டுரைகள் இருக்கும் டேபிள் 60 எம்பி என்று காட்டினாலும் டிஸ்க்கில் 3 ஜிபி பிடிக்கிறது, பட்டியல் பக்கம் மெதுவாக இருக்கிறது, கட்டுரையைத் தனி டேபிளுக்கு மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். மீதி டோஸ்ட் டேபிளில் இருக்கிறது: பெரிய மதிப்புகளைப் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் தானாகவே ஒதுக்கி வைக்கும் துணை டேபிள் அது. நீங்கள் ஓட்டிய பிஜி_ரிலேஷன்_சைஸ் ஃபங்ஷன் மூல டேபிளை மட்டுமே அளக்கும். பிஜி_டோட்டல்_ரிலேஷன்_சைஸ் ஓட்டினால் டோஸ்ட், இன்டெக்ஸ் எல்லாம் சேர்ந்து வரும்.

போஸ்ட்கிரெஸில் ஒரு பேஜ், அதாவது டிஸ்க்கில் எழுதும் அடிப்படைத் தொகுதி, 8 கேபி. ஒரு ரோ பேஜைத் தாண்டி நீள முடியாது. ரோ சுமார் 2 கேபியைக் கடந்தால் பெரிய மதிப்புகளை முதலில் சுருக்கிப் பார்க்கும். அப்படியும் அடங்காவிட்டால், சுமார் 2,000 பைட் துண்டுகளாக வெட்டி டோஸ்ட் டேபிளில் வைத்துவிட்டு, ரோவில் அந்த இடத்தைக் காட்டும் 18 பைட் சுட்டியை மட்டும் விடும். எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட். 'கி' என்பதே க, இகரக் குறி என இரண்டு குறிகள், 6 பைட். அதனால் அரைப்பக்கத் தமிழ்க் கட்டுரைகூட இந்த எல்லையைத் தொட்டுவிடும்.

பட்டியல் பக்கம் மெதுவாக வருவதற்குக் காரணம், எல்லா காலமையும் கேட்கும் செலக்ட் ஸ்டார்தான். ஒவ்வொரு ரோவுக்கும் துண்டுகளைத் தேடி, ஒட்டி, சுருக்கியதை விரிக்க வேண்டியிருக்கிறது. தலைப்பு, தேதி மட்டும் கேளுங்கள். சுட்டியைத் தொடவே தொடாது. முன்னோட்டம் வேண்டுமென்றால் முதல் 200 எழுத்துகளைத் தனி காலமில் சேமியுங்கள். லெங்த் ஃபங்ஷனும் முழு உரையை விரித்தே எண்ணும். தோராய அளவு போதுமென்றால் ஆக்டெட்_லெங்த் போடுங்கள், அது விரிக்காது.

கட்டுரையைத் தனி டேபிளுக்கு மாற்றும் யோசனை இப்போதைக்கு வேண்டாம், அந்த வேலையைத்தான் டோஸ்ட் ஏற்கெனவே செய்கிறது. பதிப்பு 14 அல்லது அதற்கு மேல் என்றால் கம்ப்ரெஷனை எல்இசட்4 என்ற சுருக்க முறைக்கு மாற்றலாம், விரிப்பது வேகமாகும். ஆனால் அது புதிதாக எழுதும் மதிப்புகளுக்கு மட்டுமே. பழையவை, டேபிளை முழுதாகத் திருப்பி எழுதும் வேக்கம் ஃபுல் கட்டளையை ஓட்டினாலும் பழைய சுருக்கத்திலேயே இருக்கும்.