லென்ஸ் பெட்டிக்குள் காற்று எப்படி இருக்கிறது?

கேள்வி: என்னிடம் ஏழு லென்ஸ்கள் இருக்கின்றன. இரண்டு, அப்பா வைத்திருந்த பழைய மேனுவல் லென்ஸ்கள். அவற்றின் தோல் உறைகளும் இருக்கின்றன. எல்லாவற்றையும் கேமரா பையில் போட்டு மர அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். போன வாரம் 85 மி.மீ. லென்ஸை வெளிச்சத்தில் பார்த்தபோது ஓரத்தில் மெல்லிய நூல் மாதிரி ஏதோ தெரிந்தது. டிரை கேபினட் (ஈரத்தைத் தானே கட்டுப்படுத்தும் மின் அலமாரி) வாங்கியே ஆக வேண்டுமா, இல்லை காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதுமா? லென்ஸைப் படுக்க வைப்பதா, நிற்க வைப்பதா? எது எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் தேடுகிறேன். அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: முதலில் அந்த 85-ஐப் பையிலிருந்து எடுத்துத் தனியே வையுங்கள். அது என்னவென்று பார்க்க ஒரு டார்ச் போதும். ஃபில்டரையும் இரண்டு மூடிகளையும் கழற்றிவிட்டு, அறை விளக்கை அணைத்து, லென்ஸின் பின்பக்கமிருந்து கொஞ்சம் சாய்வாக ஒளியை அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள் தெரிந்தால் தூசி. புது லென்ஸில்கூட அது இருக்கும், படத்தில் தெரியாது, விட்டுவிடலாம். கண்ணாடி முழுக்கப் பால் கலந்த மாதிரி மங்கலாக இருந்தால் அது உள்ளே படிந்த மெல்லிய படலம். பெரும்பாலும் கிரீஸிலிருந்து வருவது. ஓரத்தில் எண்ணெய் படர்ந்ததுபோல வானவில் நிறம் தெரிந்தால், இரண்டு கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் பசை விலகத் தொடங்கியிருக்கிறது. ஓரத்திலிருந்து புறப்பட்டு, செடியின் வேர் மாதிரி கிளை பிரிந்து போனால் பூஞ்சைதான். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இந்தக் கடைசி வகையாகத்தான் தோன்றுகிறது.

பூஞ்சை வெளிக் கண்ணாடியில் இருந்தால், லென்ஸ் துடைக்கும் திரவத்தைப் புதிய டிஷ்யூவில் நனைத்துத் துடைத்து, அந்த டிஷ்யூவைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். உள்ளே இருந்தால் நீங்களாகத் திறக்க வேண்டாம், லென்ஸ் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். தள்ளிப்போடவும் வேண்டாம். ஆரம்ப நிலையில் துடைத்தால் தடயமே இல்லாமல் போகும். வருடக்கணக்கில் விட்டால், பூஞ்சை சுரக்கும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரித்து, பிறகு கண்ணாடியையும் அரிக்கும். அந்தத் தழும்பை எந்தத் திரவமும் போக்காது. வெயிலில் வைத்தால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். புற ஊதாக் கதிர் பூஞ்சை வளர்வதைத் தடுக்கலாம், ஆனால் ஏற்கெனவே படர்ந்ததை அது துடைத்துவிடாது.

மற்ற ஆறுக்கும் தொற்றிவிடுமோ என்று பயப்படுவீர்கள். பூஞ்சையின் வித்துகள் எந்த வீட்டுக் காற்றிலும் எப்போதும் மிதந்துகொண்டுதான் இருக்கின்றன. உங்கள் எல்லா லென்ஸ்களிலும் இப்போதே இருக்கும். அவை முளைக்க ஈரம் வேண்டும். 85-இல் எந்தக் காற்று அதை முளைக்க வைத்ததோ, அதே காற்றில்தான் மற்ற ஆறும் கிடந்திருக்கின்றன. அதனால் இன்றைக்கே ஆறையும் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

சரி, இனி காற்றுக்கு வருவோம். டப்பாவா கேபினட்டா என்று யோசிப்பதற்கு முன்னால் நீங்கள் வாங்க வேண்டியது ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி. லென்ஸ் இருக்கும் இடத்தில் ஒப்பு ஈரப்பதம் (அந்தச் சூட்டில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பது) 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 60-க்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்கு வழி திறக்கிறது. 70-ஐத் தாண்டினால் வளர்ச்சி வேகம் பிடிக்கும். அதற்காக எலும்பாகக் காய வைக்கவும் வேண்டாம். 30-க்குக் கீழே நெடுநாள் இருந்தால் ரப்பர் வளையங்களுக்கும் உள்ளே இருக்கும் கிரீஸுக்கும் நல்லதல்ல.

மலிவான மானிகள் ஐந்து, பத்து சதவீதம் தவறாகக் காட்டுவது சகஜம். சோதிப்பது எளிது. ஒரு பாட்டில் மூடியில் சாதாரண உப்பைக் கொட்டி, சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது, ஈர மணல் மாதிரி இருக்க வேண்டும். அதையும் மானியையும் ஒரு ஜிப் பையில் போட்டு மூடி, ஓர் இரவு அசையாமல் வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். அது இயற்பியல், மாறாது. மானி 69 காட்டினால் ஆறு குறைவாகக் காட்டுகிறது என்று அதன் முதுகில் எழுதி ஒட்டிவிடுங்கள். இந்தச் சோதனை செய்யாமல் மூன்று மானிகளை வரிசையாக வைத்துக்கொண்டு எதை நம்புவது என்று தெரியாமல் நானே ஒரு காலத்தில் விழித்திருக்கிறேன்.

கேமரா பை தூக்கிக்கொண்டு போவதற்கானது, குடியிருக்க அல்ல. அதன் ஃபோமும் துணியும் வெளியே போய்வந்த ஈரத்தையெல்லாம் குடித்து வைத்திருக்கும்; உள்ளே இருட்டு, காற்றோட்டமும் இல்லை. தோல் உறை அதைவிட மோசம். என்னுடைய பழைய 135 மி.மீ. லென்ஸை அதன் அசல் தோல் உறையிலேயே வைத்திருப்பதுதான் மரியாதை என்று நினைத்தேன். இரண்டு வருடம் கழித்துத் திறந்தால், உள்ளே இருந்த பஞ்சு பிசுபிசுத்து லென்ஸின் உடம்பில் கறுப்பாக ஒட்டியிருந்தது, முன் கண்ணாடியில் பூஞ்சை. அப்பாவின் உறைகளைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வேறொரு இடத்தில். லென்ஸோடு வேண்டாம்.

மர அலமாரியின் கீழ்த்தட்டும் நல்ல இடமில்லை, குறிப்பாக வெளிச்சுவரை ஒட்டியோ குளியலறைச் சுவரை ஒட்டியோ இருந்தால். குளிர்ந்த சுவருக்கு அருகில் இருக்கும் காற்றும் குளிரும். குளிர்ந்த காற்றில் அதே அளவு நீராவி இருந்தாலும் ஒப்பு ஈரப்பதம் ஏறிவிடும். அறை நடுவில் 55 காட்டும் மானி, அலமாரியின் மூலையில் 70 காட்டுவது இதனால்தான். நம்பாவிட்டால் மானியை இரண்டு நாள் அங்கே வைத்துப் பாருங்கள்.

இப்போது டப்பாவும் சிலிக்கா ஜெல்லும். ஒரு சின்னக் கணக்கு. இருபது லிட்டர் டப்பா, 30 டிகிரி செல்சியஸ், 80 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொண்டால், உள்ளே இருக்கும் காற்றில் மொத்தம் உள்ள நீராவி அரை கிராம்கூட இல்லை. சிலிக்கா ஜெல்லோ 40 சதவீத ஈரப்பதத்திலேயே தன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 50 கிராம் ஜெல் என்றால் 10 கிராம் தண்ணீர். அப்படியிருக்க ஜெல் ஏன் ஒரே மாதத்தில் நிறம் மாறுகிறது? இரண்டு காரணம்: மூடி சரியாக அடைக்கவில்லை, அல்லது நீங்கள் உள்ளே ஈரம் குடித்த பொருள்களைப் போட்டிருக்கிறீர்கள். ஃபோம், கேமரா வார், துடைக்கும் துணி, அட்டைப் பெட்டி எல்லாமே கிராம் கணக்கில் தண்ணீர் வைத்திருக்கும். அவற்றை வெளியே எடுத்தாலே பாதிப் பிரச்சினை முடிந்தது. விளிம்பில் ரப்பர் வளையம் ஓடும், நான்கு பக்கமும் கொக்கி போட்டு மூடும் டப்பாவாகப் பார்த்து வாங்குங்கள். லென்ஸ்களுக்கு நடுவே பிளாஸ்டிக் தடுப்பு வைத்தால் போதும்.

நன்றாக அடைபடும் டப்பாவில் புது ஜெல்லை அள்ளிப் போட்டால் எதிர்த் தொல்லை வரும்: ஈரப்பதம் 20-க்கும் கீழே போய்விடும். இருபது லிட்டருக்கு 30 கிராமில் தொடங்கி, இரண்டு நாள் கழித்து மானியைப் பாருங்கள். குறைவாகக் காட்டினால் கொஞ்சம் ஜெல்லை எடுத்துவிடுங்கள், அதிகமாகக் காட்டினால் சேருங்கள். ஆரஞ்சு நிறத்திலிருந்து கரும்பச்சையாக மாறும் ஜெல் வாங்குவது நல்லது. நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் பழைய வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, கையாள நல்லதல்ல. ஆரஞ்சு வகையை 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் சூடாக்கினால் மறுபடி பயன்படும். அதற்கு மேல் சூடாக்கினால் நிறம் காட்டும் சாயம் கெட்டுவிடும். சூடு ஆறும்வரை மூடிய கண்ணாடிக் குடுவையில் வைத்திருந்து, பிறகு டப்பாவில் போடுங்கள். ஜெல் மணிகளைப் பை இல்லாமல் வெறுமனே கொட்டவே கூடாது. அவற்றின் தூள் கண்ணாடியைக் கீறும், ஃபோகஸ் வளையத்துக்குள்ளும் போகும்.

அந்துருண்டையோ கற்பூரமோ பூஞ்சையைத் தடுக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆவியாகி, கண்ணாடியிலேயே படலமாகப் படியும்.

டிரை கேபினட் இந்த வேலையையெல்லாம் தானே செய்யும், அவ்வளவுதான். ஒரு வகை, உள்ளே ஒரு தகட்டைக் குளிரவைத்து நீரை அதில் படியச் செய்து வெளியேற்றும். இன்னொரு வகையில் ஈரம் உறிஞ்சும் பொருள் இருக்கும். அது நிரம்பியதும் கருவியே அதைச் சூடாக்கி ஈரத்தை வெளியே தள்ளும். எதுவானாலும் 45-இல் வைத்துவிட்டு மறந்துவிடலாம். கதவு நன்றாக அடைந்திருந்தால் சில மணி நேரம் மின்சாரம் போனாலும் பாதகமில்லை. உங்களுக்கு அவசியமா? ஏழு லென்ஸுக்கு இரண்டு டப்பா தாராளமாகப் போதும், வாரத்துக்கு ஒருமுறை மானியைப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால். என்னைப்போல் மறதிக்காரர் என்றால் கேபினட்டே மேல். வாங்குவதென்றால் இப்போதைய தேவையைவிட ஒரு தட்டு கூடுதலாக வாங்குங்கள். லென்ஸ் ஏழோடு நிற்காது.

எதில் வைத்தாலும், வெளியே போய் வந்த உடனே லென்ஸை உள்ளே போட்டு மூடாதீர்கள். துடைத்து, அறையில் சில மணி நேரம் காற்றாட விட்டுப் பிறகு வையுங்கள். இல்லாவிட்டால் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டுகிறீர்கள். குளிரூட்டிய அறையில் டப்பா இருந்தால் வேறொரு சங்கதி. வெளியே 30 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் இருந்தால், சுமார் 21 டிகிரியில் உள்ள எந்தப் பரப்பிலும் நீர் படியும். 20 டிகிரி அறையிலிருந்து லென்ஸை அப்படியே எடுத்துப் போனால் முகம் வியர்த்துவிடும். ஜிப் பையில் போட்டுக் கொண்டுபோய், வெளிச் சூட்டுக்கு வந்த பிறகு பையைத் திறங்கள்.

படுக்க வைப்பதா நிற்க வைப்பதா என்றால், புதிய லென்ஸ்களுக்கு எப்படி வைத்தாலும் ஒன்றுதான். பழையவற்றில் ஃபோகஸ் வளையத்தின் கிரீஸ் பிரிந்து, அதன் எண்ணெய், உள்ளே வரும் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் அப்பர்ச்சர் இதழ்களுக்குப் போவது உண்டு. இதழ்களில் எண்ணெய் மினுமினுப்புத் தெரியும், அவை சோம்பலாக மூடும். அதற்குப் பெரிய காரணம் சூடு. நிற்கிறதா படுத்திருக்கிறதா என்பது அதற்கு அடுத்ததுதான். ஜூம் லென்ஸ்களைச் சுருக்கி வையுங்கள். நான் எல்லாவற்றையும் முன்மூடி கீழே, பின்மூடி மேலே இருக்கும்படி நிறுத்துகிறேன். அகலமான பக்கம் கீழே இருந்தால் சாயாது. அதில் இன்னொரு வசதியும் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். சில புதிய லென்ஸ்களைத் தூக்கும்போது உள்ளே ஏதோ கழன்ற மாதிரி லொடலொட என்று கேட்கும். மின்சாரம் இல்லாதபோது ஃபோகஸ் மோட்டாரோ அதிர்வு தடுக்கும் பகுதியோ பிடிப்பில்லாமல் அசையும் சத்தம் அது. பயப்பட வேண்டாம், குலுக்கிப் பார்க்கவும் வேண்டாம்.

அப்பாவின் லென்ஸ்களை ஒரு வெள்ளைத் தாளின் மேல் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி தேநீர் நிறத்தில் தெரிந்தால் அதில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்திருக்கலாம். 1940-களிலிருந்து 1970-கள் வரை சில நல்ல லென்ஸ்களில் அப்படிச் செய்தார்கள். ஏழு கண்ணாடிகள் கொண்ட சூப்பர் டாகுமர் 50 மி.மீ. எஃப் 1.4 அதற்குப் பேர்போனது. இருட்டில் கிடக்கக் கிடக்க நிறம் ஏறும், புற ஊதா ஒளி பட்டால் குறையும். சாதாரணமாகப் படம் எடுக்கப் பயமில்லை, ஆனால் அந்தக் கண்ணாடியைப் பிரிக்கவோ தேய்க்கவோ கூடாது. ஜன்னலோரத்தில் வெளுக்க வைப்பதென்றால் பக்கத்திலேயே இருங்கள். மூடியில்லாத லென்ஸ் சூரியனைக் குவித்துத் தீ வைக்கும்.

கடைசியாக, தேடும் பிரச்சினை. பலரும் 16, 24, 35 என்று மி.மீ. வரிசையில் அடுக்குவார்கள். பார்க்க அழகாக இருக்கும், எடுக்கப் பயன்படாது. நீங்கள் அடிக்கடி எடுக்கும் மூன்றை ஒரு டப்பாவிலும், எப்போதாவது எடுப்பவற்றை இன்னொன்றிலும் போடுங்கள். முதல் டப்பா தினமும் திறக்கும், ஈரம் புகும், ஜெல் சீக்கிரம் தீரும். இரண்டாவது மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். பின்மூடி மேலே தெரிய நிறுத்துவதால், அதில் வெள்ளைப் பேனாவால் 35, 85 என்று பெரிதாக எழுதினால் மேலிருந்து பார்த்தவுடனே தெரியும். இரண்டு மவுண்ட் (லென்ஸ் கேமராவில் பொருந்தும் அமைப்பு) இருந்தால் ஒன்றுக்கு மஞ்சளில் எழுதுங்கள்.

ஒரு லென்ஸைக் கேமராவில் மாட்டும்போது அதன் பின்மூடியை அதே இடத்தில் காலியாக விட்டுவிடுங்கள். வெறும் மூடி உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்த்தாலே எது வெளியே போயிருக்கிறது என்று தெரிந்துவிடும், வேறொன்றை அங்கே திணிக்கவும் மாட்டீர்கள். அந்த மூடியை மறுபடி மாட்டும் முன் உட்புறத்தை ஊதிவிடுங்கள். சென்சாரில் வரும் தூசியில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வருகிறது. மாதம் ஒருமுறை பின்மூடிகளை சோப்புத் தண்ணீரில் கழுவி முழுக்கக் காயவைத்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு லென்ஸின் வரிசை எண்ணையும் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், தொலைந்தால் உதவும்.

இரண்டாவது டப்பாவை மாதம் ஒருமுறை திறந்து, ஃபோகஸ் வளையத்தையும் அப்பர்ச்சர் வளையத்தையும் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சில தடவை திருப்பிவிட்டு, நான்கு படம் எடுத்துவிட்டு வையுங்கள். 85-ஐ இப்போது டார்ச் வெளிச்சத்தில் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். சுத்தம் செய்து திரும்பி வந்ததும் இன்னொன்று. பிறகு மூன்று மாதம், மாதத்துக்கு ஒன்று. நூல் மறுபடி தலை காட்டுகிறதா என்று படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சந்தேகமில்லாமல் தெரியும்.