ஐலெட் தேர்வில் வரும் சீட்டிங் அரேஞ்ச்மென்ட் கணக்குகளுக்கு நேரம் போதவில்லை, எப்படி வேகமாகப் போடுவது?

ஐலெட், அதாவது டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில், 2 மணி நேரத்தில் 150 கேள்விகள், அதில் 70 லாஜிக்கல் ரீசனிங், அதாவது தர்க்கக் கேள்விகள். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று கண்டுபிடிக்கும் சீட்டிங் அரேஞ்ச்மென்ட் கணக்குகள் இதில்தான் வரும். கேள்விக்கு ஒரு நிமிடம்கூட முழுசாகக் கிடைக்காது, தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் வேறு போகும். நேரத்தைத் தின்பது பெரும்பாலும் ஒரே பழக்கம்தான்: நிபந்தனைகளைக் கொடுத்திருக்கும் வரிசையிலேயே படத்தில் ஏற்றப் பார்ப்பது.

ஒன்று போட்டுக் காட்டுகிறேன். அமுதா, பாலு, செல்வி, தினேஷ், ஈஸ்வரி, பரீத் ஆறு பேரும் வட்ட மேசையைச் சுற்றிச் சம இடைவெளியில், மையத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். அமுதாவும் பரீதும் பக்கத்தில் பக்கத்தில் இல்லை. பாலுவுக்கு வலப்பக்கம் இரண்டாவது ஆள் தினேஷ். செல்விக்கு நேர் எதிரே பாலு.

முதல் நிபந்தனையை வைத்துக்கொண்டு யாரையும் எங்கேயும் உட்கார வைக்க முடியாது, அதை ஓரமாகக் குறித்துவிட்டுக் கடைசி நிபந்தனைக்குப் போங்கள். கடிகாரம் மாதிரி வட்டம் போட்டு 12, 2, 4, 6, 8, 10 என்று இடம் குறியுங்கள். வட்ட மேசையில் முதல் ஆளை எங்கே வைத்தாலும் ஒன்றுதான், ஆனால் நான் எப்போதும் 6-இல்தான் வைப்பேன், ஏனென்றால் அங்கே உட்கார்ந்து மையத்தைப் பார்ப்பவரின் இடது வலதும் தாளைப் பார்க்கிற நம்முடைய இடது வலதும் ஒன்றாகவே இருக்கும், குழப்பம் வராது. பாலு 6, எதிரே செல்வி 12. பாலுவின் வலப்பக்கம் 4, அதற்கடுத்த 2-இல் தினேஷ்.

மிச்சம் 4, 8, 10. இப்போதுதான் ஓரமாக வைத்ததை எடுக்க வேண்டும். 8-உம் 10-உம் ஒட்டிய இடங்கள், அமுதாவும் பரீதும் அங்கே சேர்ந்து உட்கார முடியாது, அப்படியென்றால் இருவரில் ஒருவர் 4-க்கு வந்தே ஆக வேண்டும். ஈஸ்வரிக்கு 4 கிடையாது. தினேஷும் ஈஸ்வரியும் அடுத்தடுத்து இருக்க முடியுமா என்று கேட்டால், படம் முடியாமலேயே ‘முடியாது’ என்று அடித்துவிட்டுப் போகலாம். ‘இல்லை’, ‘கூடாது’ என்று வரும் நிபந்தனைகளைப் பலரும் உதவாதவை என்று நினைக்கிறார்கள். கணக்கை உடைப்பது பல நேரம் அவைதான், இரண்டு மூன்று பேர் உட்கார்ந்த பிறகு எடுத்தால்.

அடுத்து, ‘செல்விக்குப் பக்கத்தில் பரீத் இருந்தால்’ என்று ஒரு கேள்வி வரும். பரீத் 10, அமுதா 4, ஈஸ்வரி 8, எல்லாம் முடிந்தது. ஆனால் அந்த ‘இருந்தால்’ அந்த ஒரு கேள்விக்கு மட்டும்தான், அடுத்த கேள்விக்கு அது செல்லாது. அதனால் மூலப் படத்தில் கை வைக்காமல் பக்கத்தில் சின்னதாக இன்னொரு வட்டம் போட்டு அதில் நிரப்புங்கள். இரண்டு வாய்ப்பு வந்தாலும் இதே மாதிரி இரண்டு படம் போடுங்கள், ஒன்றை ஊகித்துவிட்டு அப்புறம் அழித்துக்கொண்டிருக்க வேண்டாம். வெளிப்பக்கம் பார்த்து உட்கார்ந்தவர் வந்தால் இடமும் வலமும் அப்படியே மாறும், அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு அம்புக்குறி போட்டு வையுங்கள்.

தமிழ் மீடியத்தில் படித்துவிட்டுச் சட்டம் படிக்க ஆசைப்படுகிறவர்களிடம் இந்தப் பகுதியை விட்டுவிடாதீர்கள் என்று எப்போதும் சொல்வேன், ஏனென்றால் பொது அறிவோ பெரிய ஆங்கிலமோ இதற்குத் தேவையில்லை, வேண்டியது எல்லாம் கேள்வித்தாளிலேயே இருக்கிறது. பயிற்சிக்கு அமெரிக்காவின் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வான எல்சாட்டின் பழைய தாள்கள் அருமையானவை. 2024 ஆகஸ்டிலிருந்து அந்தத் தேர்வில் இந்தப் பகுதியையே எடுத்துவிட்டார்கள், இருந்தாலும் பழைய கணக்குகள் இன்றைக்கும் உதவும். வங்கித் தேர்வுப் புத்தகங்களில் ஊர், நிறம், மாடி என்று நாலைந்து விஷயங்களைச் சேர்த்துப் பின்னியிருப்பார்கள், ஆரம்பத்திலேயே அதில் இறங்க வேண்டாம்.

தேர்வு அன்று ஒரு கணக்கின் நிபந்தனைகளை முழுசாகப் படித்த பிறகும் இரண்டு பேரைக்கூட உறுதியாக உட்கார வைக்க முடியவில்லையா, கேள்வி எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள், நேரம் மிஞ்சினால் திரும்பி வரலாம்.