கலிபோர்னியாவில் மாபெரும் வெள்ளம் வரும் என்கிறார்களே, வறட்சிக்குப் பேர்போன மாநிலத்தில் அது சாத்தியமா?

சாத்தியம்தான். ஏற்கெனவே ஒருமுறை வந்திருக்கிறது. 1861 டிசம்பரில் பிடித்த மழை வாரக்கணக்கில் கொட்டியதில், மத்தியப் பள்ளத்தாக்கு சுமார் 480 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடல்போல ஆனது. 1862 ஜனவரியில் ஆளுநரான லேலண்ட் ஸ்டான்ஃபோர்டு, தலைநகர் சாக்ரமென்டோவில் பதவியேற்பு விழாவுக்குப் படகில்தான் போனார். அப்புறம் சட்டமன்றமே சில மாதங்கள் சான் பிரான்சிஸ்கோவுக்கு மாறியது.

காரணம் ‘வளிமண்டல ஆறு’. பசிபிக்கிலிருந்து நீராவியைச் சுமந்து வரும் நீண்ட பட்டை அது. சியரா நெவாடா மலையில் மோதி மேலேறும்போது குளிர்ந்து மழையாகவும் பனியாகவும் இறங்கும். ஒன்றிரண்டு வந்தால் அணைகள் நிரம்பும், நல்லதுதான். வரிசைகட்டி வந்தால்தான் ஆபத்து. நிலம் ஊறிப்போயிருக்கும், அடுத்த மழை அப்படியே ஆற்றுக்கு ஓடும்.

சரி, புவி வெப்பமாவது இதில் என்ன செய்கிறது? காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடானால் அதில் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவி இருக்க முடியும். அதைவிட எனக்குக் கவலை தருவது பனிதான். பனியாக விழுந்தால் வசந்தம்வரை மலையிலேயே தங்கி மெல்ல உருகும். சூடு கூடக்கூட அது பனிக்குப் பதில் மழையாக விழும், உடனே கீழே வந்துவிடும். இத்தகைய பெருமழைக்கான வாய்ப்பு ஏற்கெனவே சுமார் இருமடங்காகிவிட்டது என்று 2022-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது.

2017 பிப்ரவரியில் அதே மாநிலத்தின் ஓரோவில் அணையின் உபரிநீர்ப் பாதைகள் அரித்துப்போனபோது, 1.8 லட்சத்துக்கும் அதிகமானோர் அவசரமாக வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. அந்த மழை 1862 அளவுக்குக்கூட இல்லை.